வாசலில் கிடக்கும் செய்தித்தாள்

(கோவையில் ஓய்வுபெற்றோர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எங்கள் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு மேல் ஒரு வாசலில் செய்தித்தாள் அப்படியே கிடந்தால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இது அசோசியேஷன் போட்ட விதி அல்ல. எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. யார் தொடங்கி வைத்தார்கள் என்றும் தெரியாது. நான் அங்கே குடிபோன முதல் வாரம், ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன். ஏழேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. "ஏனுங்க்கா, இன்னைக்குப் பேப்பர் எடுக்கலீங்களே, நல்லா இருக்கீங்களா?" என்று எதிர் வீட்டம்மா நின்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்துப் பார்த்தேன். என் கணவர் போன பிறகு, நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று ஒருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை.

போன ஆவணியில் அதே வழக்கம் ஒரு உயிரைக் காப்பாற்றியது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், 81 வயது, தனியாள். விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒவ்வொரு குளியலறையிலும் இழுத்தால் மணி அடிக்கிற கயிறு ஒன்று தொங்கும். அது இருந்தது, வேலையும் செய்தது. விழுந்த இடத்திலிருந்து அவர் கைக்குத்தான் எட்டவில்லை. ஏழு பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்தார். தட்டினார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு மாற்றுச் சாவியால் திறந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை நடந்தது, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அவரிடம் பேசும்போது ஒன்று சொன்னார்: "தரையில கிடந்தப்ப நான் பயப்படலம்மா. ஏழு மணி ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

முதியோர் குடியிருப்பு வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஏழு மணிக்கு யாரோ ஒருவர் நம்மைத் தேடுவார் என்று தெரிந்திருப்பது.

கோவையைச் சுற்றி இந்தக் குடியிருப்புகள் ஏன் இத்தனை முளைத்தன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், நல்ல மருத்துவமனைகள், பீளமேட்டில் விமான நிலையம். வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலை, பேரூர்ப் பக்கமெல்லாம் தென்னந்தோப்பாக இருந்த இடங்களில் இன்று வில்லாக்கள் நிற்கின்றன. அமெரிக்காவில் இந்த யோசனை முன்பே வந்தது. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகருக்கு அருகே டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1960 ஜனவரி 1ஆம் தேதி சன் சிட்டியைத் திறந்தார். கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், பொழுதுபோக்குக் கூடம். வேலையை விட்ட பிறகு விளையாடி மகிழுங்கள் என்பது அவர்கள் விற்ற கனவு. நம் ஊரில் வந்தது வேறு காரணத்தால். பிள்ளைகள் கடல் கடந்து போனார்கள். பெரிய வீடு இரண்டு பேருக்கு, பிறகு ஒரு ஆளுக்கு, பூட்டும் சாவியுமாக மிஞ்சியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இந்திய சராசரி அப்போது ஒன்பதைக்கூடத் தொடவில்லை.

நான் இங்கே வருகிறேன் என்று சொன்னபோது சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள்: "பையன் பாத்துக்கலீங்களா?" கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் 31 வருடம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், என்னிடம் படித்தவர்களே கண் கலங்கினார்கள். என் பையன் என்னைப் பார்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான். சியாட்டிலில் அவன் வீட்டில் ஆறு மாதம் இருந்தும் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போவார்கள். மாலை ஆறு வரை ஜன்னலும் நானும். அன்புக்கு அங்கே ஒரு குறைவும் இல்லை. பகலில் என்னை எதிர்பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இதைப் பிள்ளைகள் மேல் சுமத்துவது நியாயம் இல்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

காபியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறு மணிக்குப் பொதுச் சமையலறையிலிருந்து பிளாஸ்கில் காபி வரும். குறை சொல்ல முடியாத காபி. ஆனாலும் எங்கள் வரிசையில் இருக்கும் 14 வீட்டில் 11 வீட்டில் பித்தளை ஃபில்டர் இருக்கிறது. முந்தின இரவே பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவோம். ஒருவருக்கு பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிக்குப் பாதி, சிக்கரி கூடவே கூடாது. இன்னொருவருக்கு 80க்கு 20 சிக்கரி இல்லாவிட்டால் அது காபியே இல்லை. மூன்று வேளைச் சாப்பாடும் இன்னொருவர் சமைத்து, இன்னொருவர் தீர்மானித்து, தட்டில் வந்து விழும் வாழ்க்கையில் இந்த டிகாஷன் மட்டும் நம் கையில் இருக்கிறது. முதல் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். என் வீடு என்று எனக்குத் தோன்றுவது அப்போதுதான்.

இது என் தனிப்பட்ட ஆசை மட்டும் அல்ல என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்டது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே ஒரு மாடியில் இருந்தவர்களைக் கூட்டி, உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். ஆளுக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை. எந்த இரவு சினிமா பார்க்கலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் அதே செடி, அதே சினிமா. ஆனால் செடிக்கு நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், சினிமா நாளும் அவர்களுக்காக முடிவு செய்யப்பட்டது. சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 47 பேரில் 7 பேர் இறந்திருந்தார்கள். மற்றதில் 44 பேரில் 13 பேர். அந்தக் கணக்கீட்டில் பிழை இருந்ததென்று பிறகு ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட்டார்கள், எண்ணிக்கையும் சிறியது. ஆகவே செடி வைத்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சில வாரத்து மகிழ்ச்சியை நம்புகிறேன். அதை நானே கண்ணால் பார்க்கிறேன்.

எங்கள் முதல் வரிசையில் ஒரு அம்மா இருக்கிறார். பார்வை மிகவும் மங்கிவிட்டது. வாசலில் இரண்டு தொட்டியில் சாதிமல்லி வைத்திருக்கிறார். மாலை நாலரைக்குத் தடவித் தடவி மொட்டைப் பறித்து, விரலால் எண்ணி, தொடுத்துவிடுவார். ஆறு மணிக்கு யாராவது போய் வாங்கிக்கொள்ள வேண்டும். யாருக்குப் பூ என்பதற்கு அவர் மனத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை எனக்கு. கணவர் போனபின் பூ வைப்பதை நிறுத்தியிருந்தேன். அவர் முதல் நாளே "எனக்குக் கண்ணு தெரியாது, நீங்க வெச்சுக்கிட்டீங்களான்னு தொட்டுப் பாத்துக்கிறேன்" என்று என் தலையைத் தொட்டார். அதற்குப் பிறகு நான்கு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறியதில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவோம். எல்லாச் சண்டையும் அங்கேதான், எல்லாச் சமாதானமும் அங்கேதான். தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், ஹைதராபாத்தில் 40 வருடம் இருந்துவிட்டு வந்தவர், எங்களைப் போல் கொங்கு நாட்டார், எல்லோரும் ஒரே சாம்பாரைச் சாப்பிட வேண்டும். ஒருவருக்குப் புளிப்பு போதாது, ஒருவருக்குத் தேங்காய் அரைத்து விட்டிருக்க வேண்டும். பூண்டு போட்டது ஒரு பாத்திரம், போடாதது ஒரு பாத்திரம். மெனு கமிட்டி மாதம் ஒரு தடவை கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். உப்புக்கும் புளிக்கும் இத்தனை பேச்சா என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 75 வயதில் ஒருவர் ரசத்துக்காக வாதாடுகிறார் என்றால், நாளை மத்தியானச் சாப்பாட்டின்மேல் அவருக்கு ஆசை இருக்கிறது என்று பொருள்.

ஒரு மழை நாள் ராத்திரி, மெனு கமிட்டியில் கேட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேர் சமையலறைக்குள் போய் அரிசிம்பருப்புச் சாதம் செய்தோம். பச்சரிசியும் துவரம்பருப்பும், நிறையச் சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, பூண்டு, இறக்கும்போது நெய். கொங்கு நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டிலும் சமைப்பார்கள், களைத்து வந்த நாளிலும் சமைப்பார்கள். மயிலாப்பூரிலிருந்து வந்த மாமி ஒருவர், 72 வயது, அதுவரை பூண்டுப் பாத்திரத்தின் பக்கமே வராதவர். வாசனைக்கு எழுந்து வந்தார். ஒரு கரண்டி போட்டுக்கொண்டார், பிறகு இன்னொரு கரண்டி. "இத்தனை வருஷம் இது எங்க இருந்தது?" என்றார். இப்போது மழை பிடித்தால் அவரே வந்து நினைவுபடுத்துகிறார். எழுபது வயதுக்குமேல் நாக்குக்குப் புதிதாக ஒன்று கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மட்டும் அந்தக் கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் அது சனிக்கிழமை இரவு ஏழு மணி. பிள்ளைகள் கூப்பிடும் நேரம். எட்டேகாலுக்குமேல் ஒவ்வொருவராக வருவார்கள். முகத்தைப் பார்த்தாலே பேத்தி பேசினாளா, அவசரமாக வைத்துவிட்டார்களா என்று தெரிந்துவிடும். யாரும் கேட்கமாட்டோம். இட்லி எடுத்து வைப்போம், அவர்களே சொல்வார்கள். நவம்பர் மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைத்ததும் அழைப்பு எட்டரைக்குப் போய்விடும். அதோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமை டிபனும் ஒரு மணி தள்ளிப்போகும்.

மாலையில் கிளப் ஹவுஸில் ரம்மி, புளியங்கொட்டைதான் பணம். சுற்றுப் பாதையில் நடை. மருதமலை மேல் விளக்கு ஏற்றியதும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். யானை இறங்கியிருப்பதாக வனத்துறையிடமிருந்து தகவல் வந்தால் அன்றைக்கு நடை கிடையாது. வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டு இருட்டில் காது கொடுத்து உட்கார்ந்திருப்போம். ஒரே ஒரு தடவை, தென்னை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. 30 பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம், சின்னப் பிள்ளைகள் மாதிரி.

இப்போது கொலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. ஆயுத பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைப்போம், அவ்வளவுதான். இங்கே வந்த முதல் புரட்டாசியில்தான் பார்த்தேன். மூன்று படுக்கையறை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு படுக்கையறை வீட்டுக்கு வருகிறவர்கள் எதையெல்லாமோ கொடுத்துவிட்டு வருகிறார்கள்: பீரோ, ஊஞ்சல், அண்டா, கல்யாணப் பட்டுப் புடவைகள். பொம்மைப் பெட்டியை மட்டும் பலரால் கொடுக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிக் கொண்டுவந்து விடுகிறார்கள். வைக்கத்தான் இடம் இல்லை. ஆகவே கிளப் ஹவுஸில் பொதுவாக ஒன்பது படி. அங்கே மூன்று தசாவதார செட், நாலு செட்டியார் பொம்மை ஜோடி, காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கல்யாண ஊர்வலம், விளாச்சேரியில் வாங்கிய கிராமத்துக் காட்சி, பண்ருட்டிப் பொம்மைகள், மூக்கு தேய்ந்துபோன மரப்பாச்சி ஒன்பது. எல்லாவற்றுக்கும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு அடுக்க வேண்டும். மூன்று மத்ஸ்யமும் பக்கம் பக்கமாக நிற்கும். மயிலாப்பூர் மாமி என்னிடம், "டீச்சர், உங்க வீட்டிலேருந்து ஒண்ணும் வரலையே" என்றார். என்னிடம் என்ன இருக்கிறது? பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கொடுத்த திருவள்ளுவர் சிலை ஒன்று இருந்தது. கொண்டுபோனேன். ஐந்தாம் படியில், ராமானுஜருக்கும் விவேகானந்தருக்கும் நடுவில் வைத்தார்கள். ஒன்பது நாளும் சுண்டல் வாங்கிக்கொண்டு நின்று, என் வள்ளுவர் அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு அம்மாவிடம் ராமர் பட்டாபிஷேக செட் இருந்தது. அவருடைய அம்மா கொடுத்தது. பத்தாம் நாள் மற்றவர்கள் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றுவார்கள். அவர் மட்டும் கணவருடைய பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்து அதில்தான் சுற்றுவார். போன வருடம் ஆடியில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் டொரன்டோவிலிருந்து வந்து மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஆல்பங்களை எடுத்துக்கொண்டார். பொம்மைப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கிளப் ஹவுஸில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வெப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நவராத்திரிக்கு முந்தின நாள் அந்தப் பெட்டியை யார் திறப்பது என்று எங்களுக்குள் ஒரு தயக்கம். கடைசியில் அவருடைய பக்கத்து வீட்டம்மா திறந்தார். வேட்டித் துணிச் சுருணைகளுக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம். அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது: அனுமார் வால் ஒட்டியிருக்கு, பாத்து எடுக்கவும்.

அனுமாரை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்தோம். வால் உடையவில்லை. இந்த வருடமும் எடுத்து வைப்போம். அந்தச் சீட்டு பெட்டியிலேயே இருக்கிறது.

சாவு எங்களுக்குள் அடிக்கடி வருகிறது, மறைத்து என்ன பயன். சாப்பாட்டு மேசையில் அவரவருக்கு ஒரு நாற்காலி வழக்கமாகிவிடும். ஒருவர் போனால் அந்த நாற்காலியில் உட்காரச் சில நாள் யாருக்கும் மனம் வராது. பிறகு புதிதாக ஒருவர் குடிவருவார், விவரம் தெரியாமல் அதில் உட்காருவார். முதல் தடவை எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த மேசையில் இருந்த பெரியவர் சாம்பார்க் கிண்ணத்தைப் புதியவர் பக்கம் நகர்த்தி, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வாழ்க்கையில் இன்னொரு பகுதி இருக்கிறது; இந்தக் குடியிருப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள்தான் பெருக்கித் துடைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு எந்த மாத்திரை, யாருடைய மகள் பேசுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்கு வரும் பெண்ணின் மகள் பத்தாம் வகுப்பு. சனிக்கிழமை மாலை வந்து இலக்கணம் படிக்கிறாள். புணர்ச்சி விதி அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கு அவள் வராத சனிக்கிழமை பிடிபடுவதில்லை. அவர்களுடைய சம்பளத்தைப் பற்றி மெனு கமிட்டியில் பேசும் அளவுக்கு நாங்கள் பேசுவதில்லை. பேச வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் நான் எழுப்பப் போகிறேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் சிலர் மனத்தில், பணம் இருப்பவர்கள் கதை என்று தோன்றும். உண்மைதான். முன்பணமும் மாதக் கட்டணமும் கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான் இந்த இடம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. ஆதரவற்ற மூத்தோர் குறைந்தது 150 பேர் தங்கும்படியாக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்று அதில் இருக்கிறது. 150 பேருக்கு இடம் என்றால் கட்டிலும் சாப்பாடும் மட்டும் என்று நாம் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள் சிலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். அன்பாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் டம்ளர் எல்லாம் ஒரே மாதிரி, பொதுக் கூடையில் கிடக்கும். ஒரு இல்லத்தில் ஒரு பாட்டி தன் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் கூடையில் தேடி அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பேர் பொறித்த ஒரு டம்ளர் என்ன விலை ஆகிவிடும்? இங்கே இருப்பவர்களில் அப்படிப்பட்ட இல்லங்களுக்குப் பிறந்தநாள் அன்று சாப்பாடு போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்த தடவை போகும்போது அங்கே இருப்பவர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பாத்திரக் கடையில் கொடுத்தால் எழுத்துப் பொறித்துத் தருவார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர். மறு வாரம் நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.

மணி ஏழாகப் போகிறது. எங்களை அழைத்துவந்த வேன் வெளியே நிற்கிறது, டிரைவர் தம்பி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். எங்கள் கூடத்தில் எட்டு மணிக்குமேல் பாத்திரத்தை எடுத்துவிடுவார்கள். நான் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. ஆனாலும் எதிர் வீட்டம்மா இரண்டு தோசையை வாங்கி மூடி வைத்திருப்பார், நான் போய்ச் சேரும்வரை வராந்தா விளக்கையும் அணைக்கமாட்டார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு. பூவும் அங்கே காத்திருக்கும்.